எதிரே வருகிறவர் லைட் அடிக்கிறார்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில், பட்டப்பகலில் எதிரே வரும் கார் இரண்டு முறை லைட் அடித்தால் அதற்கு ஒரே பொருள்தான்: முன்னால் போலீஸ் நிற்கிறது. அடித்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கணத்தில் அவர் நமக்கு உறவுக்காரர். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறோம். பைக்கில் போகிறவர் பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருந்த ஹெல்மெட்டைத் தலைக்கு ஏற்றுகிறார். வேகம் ஐம்பதுக்கு இறங்குகிறது. போலீஸைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. வாங்கிய உதவியைத் திருப்பிச் செய்வதுபோல நாமும் எதிரே வருகிறவருக்கு லைட் அடிக்கிறோம்.

நானும் பல வருடம் அடித்தவன்தான். ஒரு நாள் அதே சாலையில் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடக்க ஒரு மூதாட்டி ஓரமாக நின்றிருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. ‘பார்த்து வா, இங்கே ஒரு பாட்டி நிற்கிறார்’ என்று எதிரே வருகிறவருக்கு யாரும் லைட் அடிக்கவில்லை, நானும் அடிக்கவில்லை. அந்தச் சைகைக்கு நம் சாலைகளில் அப்படி ஒரு பொருளே கிடையாது. போலீஸிடமிருந்து காப்பாற்றத்தான் லைட் அடிக்கிறோம்.

போக்குவரத்து விதி என்பது ஓட்டுகிறவருக்கும் போலீஸுக்கும் இடையிலான விவகாரம் என்று நாம் நம்புகிறோம். நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. இந்த நம்பிக்கை மக்களின் பொறுப்பின்மையிலிருந்து மட்டும் வந்ததென்று நான் நினைக்கவில்லை. சட்டத்தை நாம் அமல்படுத்துகிற விதமே இதை நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஒரு வருடத்தில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. நாளொன்றுக்கு 49 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 32,825 பேர் வெறுமனே நடந்து போனவர்கள். இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று அந்த அறிக்கை பதிந்திருக்கிறது.

இப்போது ஒரு சோதனை நடக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். புளியமர நிழல், இரண்டு தடுப்பு, நான்கைந்து காவலர்கள், கையில் இ-சலான் கருவி. அங்கே நிற்கிறவருக்கு எது தெரியும்? ஹெல்மெட் இல்லாத தலை தெரியும். மூன்று பேர் உட்கார்ந்திருப்பது தெரியும். நம்பர் பிளேட் தெரியும். நிறுத்தினால் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் தாளைக் கேட்கலாம். வேகம் மட்டும் தெரியாது, ஏனென்றால் அவரைப் பார்த்ததுமே எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வெயிலில் நாள் முழுக்க நிற்கிற அந்தக் காவலர் கண்ணுக்குப் பட்டதைத்தான் பிடிக்க முடியும். ஆளைக் கொல்கிற பிழை அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, யாரும் நிற்காத வளைவில் நடக்கிறது.

ஹெல்மெட் சட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2022-இல் இறந்தவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் போடாதவர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்றானபோது வந்த எதிர்ப்புகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஹெல்மெட் விழுந்த பிறகு காப்பாற்றுகிற பொருள். விழாமல் தடுக்க அதனால் முடியாது. அதைப் பிடிப்பதே மொத்த வேலை என்று ஆகும்போது விரட்டிப் பிடிப்பதும் நடக்கிறது. 2018 மார்ச்சில் திருச்சியை அடுத்த துவாக்குடியில், சோதனையில் நிற்காமல் போன தம்பதியின் பைக்கைப் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் துரத்திப் போய் உதைத்ததாகப் புகார் எழுந்தது. அந்தப் பெண் கீழே விழுந்து இறந்தார், ஆய்வாளர் கைதானார். அன்றிரவு ஊரே நெடுஞ்சாலையில் திரண்டது. உயிரைக் காக்க வந்த விதி ஓர் உயிரைக் குடித்ததென்றால் ஓர் ஆளின் ஆத்திரத்தை மட்டும் பழி சொல்லி நகர்ந்துவிட முடியாது. கணக்குக்கு வழக்குப் பிடிக்கும் முறையையும் சேர்த்தே கேள்வி கேட்க வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். “எண்பதில்தானே போனேன்” என்பது எல்லோரும் சொல்வது. அறுபதுக்கும் எண்பதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே உடல் சில்லிட்டது. காய்ந்த தார்ச்சாலை, நல்ல பிரேக், சுதாரிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். அறுபதில் வரும் கார், ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து 36 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். எண்பதில் வரும் அதே காருக்கு, கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 22 மீட்டர் போய்விடும். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் இன்னும் 60 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் புல்லுக்கட்டோடு ஒருவர் நிற்கிறார் என்றால், முதல் காரோட்டி அவரைத் திட்டிவிட்டுப் போவார், இரண்டாவது காரோட்டி அவரைக் கொன்றுவிடுவார். இருவரும் ஒரே மாதிரி பிரேக் போட்டவர்கள். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர்போகும் விபத்தின் வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதைத்தான்.

லைசென்ஸ் வாங்கும்போது இதையெல்லாம் யாராவது நமக்குச் சொன்னார்களா? மைதானத்தில் எட்டுப் போட்டோம். கால் ஊன்றாமல் எட்டுப் போடத் தெரிந்தவருக்கு, மழை பெய்த இரவில் எதிர்வெளிச்சத்தில் எந்த வேகத்தில் போகலாம் என்று தெரிந்திருக்கும் என்று அரசு நம்பிவிட்டது.

அபராதத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பது அடுத்து வரும் யோசனை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் புதிய அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் கடைசியில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. தினக்கூலிக்காரருக்கு ஆயிரம் ரூபாய் இரண்டு நாள் சாப்பாடு. ஆனாலும் அந்தத் தொகை, அகப்பட்டால்தானே என்ற நினைப்பின் முன்னால் தோற்றுப்போகிறது. நூறு தடவை மீறி ஒரு தடவை மாட்டுகிறவர் அதைத் துரதிருஷ்டம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார். தான் செய்தது தவறு என்று அவருக்கு உறைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் சிறு தொகையானாலும் தவறாமல் வந்து சேர்ந்தால்தான் பழக்கம் மாறும்.

அதற்கு வழி இருக்கிறது. ஒரு கேமராவுக்கு முன்னால் மட்டும் வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கலாம். இரண்டு கேமராக்களுக்கு இடையில் எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்தால் தப்பிக்க முடியாது. ஸ்காட்லாந்தின் ஏ9 நெடுஞ்சாலையில் 2014 முதல் இப்படித்தான் சராசரி வேகத்தை அளக்கிறார்கள். நம்மிடம் இதற்கான பாதி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்று அங்கே பதிவாகிறது. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதியுள்ள சாலையில் 60 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு சாவடிகளைக் கடக்கக் குறைந்தது 36 நிமிடம் வேண்டும். 30 நிமிடத்தில் வந்தவர் சராசரியாக 120-இல் வந்திருக்கிறார். நடுவில் டீ குடிக்க நின்றவர் தப்பிவிடலாம், தவறு செய்யாதவர் யாரும் மாட்டமாட்டார். கட்டணத்துக்காக வாங்கிய தகவலை வேறெதற்கும் பயன்படுத்திவிடுவார்களோ என்ற அச்சம் நியாயமானது. அதற்குச் சட்டத்தில் தெளிவான வரம்பு வேண்டும். காருக்கு ‘ஹெல்மெட் போடவில்லை’ என்று சலான் வருகிற பிழைகளும் முதலில் தீர வேண்டும். இருசக்கர வாகனங்களுக்கு ஃபாஸ்டேக் கிடையாது என்பதால் செஞ்சி சாலை போன்றவற்றில் கேமராக்கள்தான் வேண்டும். இப்படிச் சராசரி வேகத்தை அளக்கிற சாலையில் எதிரே வருகிறவர் லைட் அடித்து எந்தப் பயனும் இல்லை.

இனி, ஓட்டுநர் ஏன் விரைகிறார் என்ற கேள்வி. ஈரோடு, சேலம், திருநெல்வேலிப் பக்கம் தனியார் பேருந்தின் முன்சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். முன்வண்டி எடுத்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும், பின்வண்டி ஆறாவது நிமிடத்தில் கிளம்பும். வழியில் நிற்கிற ஜனம் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கலெக்‌ஷனை வைத்துத்தான் பேட்டா. இந்த ஏற்பாட்டில் நிதானமாக ஓட்டுகிற டிரைவர் மாலையில் குறைந்த காசோடு வீட்டுக்குப் போவார். லாரியில் முன்பெல்லாம் இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். இப்போது பல வண்டிகளில் ஒரே ஆள், ராத்திரி முழுக்க. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு வைத்தது. அந்த வரம்பைக் கேட்டு நெடுஞ்சாலையில் ஒரு வண்டியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், வண்டியிலுள்ள கருவி அதைப் பதிகிறது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டியவருக்கு இங்கே தண்டனை உண்டு. அவரைத் தூங்கவிடாமல் அனுப்பியவரின் பெயர் வழக்கிலேயே வருவதில்லை.

சாலையும் பாடம் நடத்துகிறது. நான்குவழிச்சாலை ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. வீடு ஒரு பக்கம், நிலம் மறு பக்கம். திரும்ப வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டர் போய் வர வேண்டும். டி.வி.எஸ் 50-இல் உரமூட்டையோடு வருகிறவர் ராங் சைடில் ஓரமாக நானூறு மீட்டர் வந்துவிடுகிறார். அவர் செய்வது தவறுதான். ஆனால் தினம் அவர் அப்படித்தான் வருவார் என்பது சாலையை வரைந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தரக்குறைவான வடிவமைப்பால் உயிர் போனால் சாலைக்குப் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, திருத்தச் சட்டத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது.

அந்தப் பிரிவு ஏன் பெரிதாகப் பயன்படுவதில்லை என்பதற்கு விடை, விபத்து நடந்த இரவில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது. “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்ற தொடர் அதில் இல்லாமல் இருக்காது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304-ஏ பிரிவுகளுக்காகப் பழகிப்போன வாசகம் அது. புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிய பின்னும் வாசகம் மாறவில்லை. விளக்கு எரியாத சந்திப்பு, திடீரென்று முடிகிற சர்வீஸ் ரோடு, பதினாறு மணி நேரம் தூங்காத டிரைவர் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் மறைந்துபோகின்றன. பத்துக்கு ஏழு சாவுக்கு அதிவேகம் காரணம் என்ற கணக்கையும் இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். வேகம் கொல்கிறது என்பது உறுதி, ஆனால் அந்த வேகத்துக்கு யார் யார் பொறுப்பு என்று அந்தக் கணக்கு சொல்லாது.

சென்னை ஐ.ஐ.டி உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம் 2021-இல் முதலில் அறிமுகமான மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்திலிருந்தே காவலர் அதில் செயலி வழியாகப் பதிகிறார். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளரும், மருத்துவமனையும், நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரும் அவரவர் பகுதியை நிரப்ப வேண்டும். பொறியாளர் அந்த இடத்துக்கு வந்து நின்று, சாலையில் என்ன குறை என்று தன் கையால் எழுத வேண்டும். அவர் எழுதியதையும், முதலாளி ஓட்டுநரிடம் எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார் என்ற விவரத்தையும் இறந்தவரின் குடும்பம் கேட்டால், அந்தத் தாள்கள் அவர்கள் கையில் கிடைக்க வேண்டும்.