நின்றவூர் நின்றது, வேந்தன் நடந்தான்!

உலகத்துக் கதைகள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்னும் கொள்கையொன்று இற்றைத் தமிழிளைஞர் மூளையில் ஆணியென அறையப்பட்டு வருகின்றது. ஒருவன் தன் ஊரில் வாளா இருக்கின்றான்; அவனுக்கு ஓர் அழைப்பு வருகின்றது; முதலில் மறுக்கின்றான்; பின்னர் வழிகாட்டி ஒருவன் துணைசெய்ய எல்லை கடக்கின்றான்; இடர் பல உழந்து, பகையை வென்று, பேறொன்றைக் கைக்கொண்டு ஊர் மீள்கின்றான். இவ்வளவே கதை, இதற்கு அப்பால் கதையே இல்லை! திரைக்கதை பயில விழையும் இளைஞன் முதற்கண் நெட்டுருச் செய்யும் பாடம் இதுவேயாகும்.

இப்பாடம் பிறந்த வரலாறு நெடியதன்று. அமெரிக்க நாட்டுப் பேராசிரியர் சோசப்பு காம்பெல், ஆயிரம் முகங்கொண்ட தலைவன் எனும் பொருள்படத் தலைப்பிட்ட நூலை 1949-இல் வெளியிட்டார். பல நாட்டுத் தொன்மங்களை ஒப்புநோக்கிப் புறப்பாடு, புடமிடல், மீட்சி என மூன்று பகுதிகளும் அவற்றுள் 17 படிகளும் அவர் வகுத்துக் காட்டினார். சார்சு லூகாசு என்னும் இயக்குநர் அதனை அடியொற்றி எடுத்த விண்மீன் போர் எனும் படம் 1977-இல் வெளிவந்து பெரும்பொருள் ஈட்டியது. பின்னர்த் திசுனி நிறுவனத்திற் பணியாற்றிய கிறித்தோபர் வோக்ளர், 1980-களின் நடுவில் அதனை ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார்; 1992-இல் 12 படிகள் கொண்ட நூலாக விரித்தார். ஆய்வாகப் பிறந்தது கருவியாயிற்று, கருவி சட்டமாயிற்று, சட்டம் கடல்கடந்து கோடம்பாக்கம் வந்து சேர்ந்தது.

காம்பெல்லின் உழைப்பைப் பழிப்பதற்கில்லை. காட்டில் ஒருவகை மரம் மிகுதியாக உள்ளது என ஒருவர் கண்டு சொல்வது அறிவு; அம்மரமே காடு என்பது அறியாமை; ஏனை மரங்களை வெட்டுக என்பது கொடுமை. இம்மூன்றாவது கொடுமையே இன்று தமிழகத்தில் நிகழ்கின்றது. ‘உன் கதையில் அழைப்பு எங்கே? எல்லை கடத்தல் எங்கே?’ என வினவப்பெற்ற இளைஞன், தன் பாட்டியிடம் கேட்ட கதையைக் குப்பையில் எறிந்துவிட்டு, அயலான் அச்சில் தன்னை வார்த்துக் கொள்கின்றான்.

தமிழன் கதையறியாதவனோ? அகவாழ்வின் உரிப்பொருளாகத் தொல்காப்பியர் வகுத்தவை ஐந்து: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். இவற்றுள் செலவுக்கு உரியது பிரிதல் ஒன்றே. பாலையில் நடப்பவனுக்கு எத்துணை இடமுண்டோ, அத்துணை இடம் முல்லையில் இருப்பவளுக்கும் உண்டு. இருத்தல் என்பது சோம்பியிருத்தலன்று, ஆற்றியிருத்தல், அஃது ஒரு வினை, ஓர் அறம். ஐந்தில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ‘இதுவே முழுமை’ என்பாரிடம், ஐந்தும் உடையான் கையேந்தி நிற்பது எத்துணை இழிவு!

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் தொடர்வண்டியில் ஏறி, ஆவடியும் பட்டாபிராமும் கடந்தால் வருவது திருநின்றவூர். திருமகள் வந்து நின்றமையால் இப்பெயர் எய்திற்றென ஊர்வழக்குக் கூறும். இவ்வூரிற் பிறந்தவர் பூசலார். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் இவர் வரலாற்றை உரைக்கின்றது. அச் சேக்கிழாரும் இவ்வூருக்கு அணித்தாய குன்றத்தூரினரே.

பூசலார் சிவனுக்குக் கோயிலெடுக்க விழைந்தார். பொருள் தேடினார், கிடைத்திலது. ஊரைவிட்டுப் புறப்பட்டாரா? புதையல் தேடி எல்லை கடந்தாரா? இல்லை. உள்ளத்திலேயே கல்லும் மரமும் தொகுத்தார், தச்சரைத் தேடினார், நாள் பார்த்துக் கடைகால் இட்டார், இரவும் துயிலாது வரிசை வரிசையாக எழுப்பினார், சுதை வேலையும் முடித்து, கிணறும் குளமும் மதிலும் அமைத்துக் குடமுழுக்கு நாளும் குறித்தார். அந்நாளிலேயே காஞ்சியில் காடவர் வேந்தன் பெரும்பொருள் செலவிட்டு எடுத்த கற்றளிக்கும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. அக்கற்றளி இன்று காணும் கயிலாசநாதர் கோயிலே எனவும், அவ்வேந்தன் 8-ஆம் நூற்றாண்டுப் பல்லவன் இராசசிம்மனே எனவும் வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். வேந்தன் கனவில் இறைவன் தோன்றி, ‘நாளை நின்றவூர்ப் பூசல் எடுத்த கோயிலில் யாம் புகுவோம், நீ நாள் மாற்றுக’ என்றானாம். வேந்தன் நின்றவூர் வந்து ‘பூசலார் கோயில் எங்கே?’ என வினவ, ‘அப்படியொரு கோயில் இங்கில்லை’ என்றனர் ஊரார். இறுதியில் அவரையே கண்டு, செய்தி கேட்டு, மண்ணில் வீழ்ந்து வணங்கி மீண்டான்.

இறையன்பர் இதனை அருள்வரலாறாகக் கொள்க. அல்லாதார் கதையாக மட்டுமே கொள்க. இருவரும் நோக்கற்பாலது ஒன்றுண்டு. இக்கதையில் நடந்தவன் யார்? படையும் பொன்னும் உடைய வேந்தன். நின்றவன் யார்? ஒன்றுமில்லாத ஏழை. நடந்தவன் தோற்றான்; நின்றவன் வென்றான். காம்பெல்லின் 17 படிகளில் எந்தப் படியில் பூசலாரை ஏற்றுவது?

‘உள்ளத்துள் நடந்ததும் ஒரு பயணமே’ என்பர் அச்சுக் கொள்கையினர். நிற்றலையும் பயணமென்றே பெயரிட்டால் பயணம் என்னும் சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும்? எதையும் அடக்கும் அளவுகோல் எதையும் அளவாது.

சிலப்பதிகாரத்தை நோக்குக. கண்ணகி ஊர் மீண்டாளில்லை. புகாரிற் புறப்பட்டவள் மதுரையை எரித்தாள். சேரநாட்டு மலையில் மறைந்தாள். அதன்பின் தொடங்குகின்றது வஞ்சிக்காண்டம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என அதன் காதைகளுக்கு இளங்கோவடிகள் இட்ட பெயர்கள், தொல்காப்பியர் நடுகல்லுக்கு வகுத்த துறைகளின் பெயர்களே. பட்டவன் திரும்பி வாரான். அவனைக் கல்லாக மீட்டு வருவது ஊரின் கடன். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, ஆகோளில் பட்டவனுக்கு ஊரார் ஆற்றிய அக்கடனை இன்றும் காட்டி நிற்கின்றது. மேலையச்சில் தலைவன் பேறுகொண்டு ஊர் மீள்வான். தமிழச்சில் ஊர் சென்று தலைவனை மீட்கும். ஒரு வணிகர்குலப் பெண்ணின் கல்லுக்காகச் செங்குட்டுவன் இமயம் வரை நடந்தான். நின்றவூரிலும் வஞ்சியிலும் நடந்தது செங்கோலே!

‘மணிமேகலை இவ்வச்சிற் பொருந்துகின்றாளே?’ எனலாம். பொருந்துகின்றாள், மறுப்பதற்கில்லை. மணிபல்லவம் சென்றாள், அமுதசுரபி பெற்றாள், புகார் மீண்டாள். ஆயின் பேறு கையில் வந்ததும் கதை முடிந்ததா? அக்கலத்தில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. அதன் பின்னரே அது அள்ள அள்ளக் குறையாததாயிற்று. ஆதிரை யார்? கடலோடிய கணவன் சாதுவனுக்காக வீட்டில் ஆற்றியிருந்தவள். நடந்தவள் கொணர்ந்த கலத்தை இருந்தவள் கையே நிறைத்தது. அச்சுக் கொள்கையினர் மணிமேகலைக்கு 12 படி எண்ணுவர்; ஆதிரைக்கு ஒரு படியும் வைத்திலர்.

இது வெறும் இலக்கியப் பூசலன்று. ஒற்றைத் தலைவன் எங்கிருந்தோ வந்து ஊரை மீட்பான் என்னும் கதையை ஓயாது உண்ட மக்கள், தம் வாழ்விலும் அவனையே எதிர்நோக்குவர். எளியவன் ஒருவன் மன்னனிடத்தில் அமர்ந்து நாட்டைத் திருத்தும் கதையாகிய ‘நாடோடி மன்னன்’ வந்தது 1958-இல். அதன் தலைவராக நடித்த ம.கோ.இரா. முதலமைச்சர் ஆனது 1977-இல். அவர் ஆட்சியின் நன்மை தீமை ஈண்டு ஆய்பொருளன்று. திரையில் தலைவனைத் தொழுதவர் திரைக்கு வெளியிலும் தலைவனைத் தொழுவர் என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு. ‘கதாநாயகன்’ என்னும் கடன்சொல்லை ‘ஈரோ’ என்னும் கடன்சொல்லால் மாற்றிக் கொண்ட திரையுலகம், ‘மாந்தர்’ என்னும் தன் சொல்லை மறந்தது. விளைவு? கட்டவுட்டுக்குப் பாலூற்றும் இளைஞர் கூட்டம்!

திருநின்றவூர் நிலையத்தில் விடியற்காலை நிற்பார்க்கு உண்மை விளங்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் சென்னைக்கும் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் புறப்படுகின்றனர், மாலையில் மீள்கின்றனர். அவர்களுக்கு வழிகாட்டி இல்லை, வாளில்லை, மந்திரக்கல் இல்லை. அவர்கள் செல்ல ஒருத்தி இருள்பிரியுமுன் உலையேற்றுகின்றாள். அவர்கள் மீளும்வரை ஒரு முதியவள் பிள்ளைகளைக் காக்கின்றாள். இந்நிற்றலைக் கதையாக்கும் இலக்கணம் தமிழிடம் உண்டு, அயலச்சில் இல்லை.

ஆகலின், கதை எழுதப் புகும் இளைஞர் அயலார் நூலைக் கற்க, தடையில்லை. ஆனால் முதலில் தொல்காப்பியத்தின் ஐந்தை அறிக, நடுகல்லின் துறைகளை அறிக, ஆதிரையை அறிக, பூசலாரை அறிக. தன்வீட்டு ஏணியிருக்க அயலான் படிக்கட்டைத் தேடுவானேன்? தமிழ்க்கதை தன் காலில் நிற்பதாக! அது நின்றால், வேந்தரும் அதன் வாயில் தேடி நடந்து வருவர்.