குறியீடும் குறிப்பேடும்

சென்ற இதழில் வந்த 'பெயரற்ற பிரதி' கட்டுரையை மூன்று தடவை படித்தேன். எழுதிய நண்பர் என்னைவிட அதிகம் படித்தவர். பிரெஞ்சுக்காரர்களை அவர் படித்திருக்கும் அளவுக்கு நான் படித்ததில்லை. என்னுடையது பி.ஏ. ஆங்கிலம், அதை வைத்துக்கொண்டு வங்கியில் ஒரு கிளார்க் உத்தியோகம். இருந்தும் மறுத்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. கட்டுரைக்குள் ஒரு பிணம் இருக்கிறது. நண்பர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு தத்துவம் பேசுகிறார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். 1970 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. நார்வேயில் பெர்கன் நகரத்தை அடுத்த இஸ்டாலன் பள்ளத்தாக்கில் நடக்கப்போன ஒரு தகப்பனும் இரண்டு மகள்களும் பாறைகளுக்கிடையே எரிந்து கிடந்த ஒரு பெண்ணின் உடலைப் பார்க்கிறார்கள். முன்பக்கம் முழுக்கக் கரிந்திருக்கிறது. பக்கத்தில் மது பாட்டில், தண்ணீர் வைத்திருந்த பிளாஸ்டிக் பாட்டில்கள், குடை, ரப்பர் பூட்ஸ். கைக்கடிகாரமும் நகைகளும் உடம்பில் இல்லை, பக்கத்தில் இருந்தன. துணிகளின் கடை முத்திரைகள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது: 50க்கு மேற்பட்ட தூக்க மாத்திரைகள்; நுரையீரலில் புகைக்கரி. அதாவது தீப்பிடித்தபோது உயிர் இருந்தது.

மூன்று நாள் கழித்து பெர்கன் ரயில் நிலையத்தில் அவளுடைய இரண்டு பெட்டிகள் கிடைத்தன. ஒரு கறுப்புக் கண்ணாடியில் இருந்த விரல்ரேகை பிணத்தின் ரேகையோடு பொருந்தியது. பெட்டிகளில் செயற்கை முடி, ஜெர்மன் பணம், மருத்துவர் பெயர் சுரண்டி எடுக்கப்பட்ட ஒரு தோல்வியாதிக் களிம்பு, புரியாத எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறிப்பேடு. ஹோட்டல்களில் வெவ்வேறு பெயர்களில் தங்கியிருக்கிறாள். பெரும்பாலும் பெல்ஜியப் பிரஜை என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பெயர்களில் யாரும் இல்லை என்று பெல்ஜியத்திலிருந்து பதில் வந்தது. தற்கொலையாக இருக்கலாம் என்று சொல்லி போலீஸ் விசாரணையை முடித்தது. நம்பாதவர்கள் போலீஸிலேயே இருந்தார்கள்.

நண்பர் இதிலிருந்து எடுத்துக்கொள்வது என்ன? பெயரில்லை, ஊரில்லை, முத்திரையில்லை. ஆகவே இவள் ஆசிரியனற்ற பிரதி. 1967இல் ரோலான் பார்த் 'ஆசிரியனின் மரணம்' என்று எழுதினார், மூன்றே வருஷத்தில் ஒரு பள்ளத்தாக்கு அதை நிரூபித்துவிட்டது என்கிற தொனி. நம் காலத்து மனிதனின் அந்நியமாதலுக்கு இவள் குறியீடாம். அந்த இடத்துக்கு 'மரணப் பள்ளத்தாக்கு' என்று உள்ளூரில் பெயர் இருப்பதும் நண்பருக்குத் தற்செயலாகப் படவில்லை. இவள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பெயர் உண்டு என்பதை அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் குறியீடு கொஞ்சம் இளைத்துவிடும்.

குறியீடு என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் வட்டத்தில் இதற்கு இருக்கும் மவுசு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. ஒரு கவிதையில் காக்கை வந்தால் அது காக்கையாக இருக்க நாம் அனுமதிப்பதில்லை. இந்தப் பெண்ணின் பெட்டியில் உண்மையிலேயே ஒரு குறியீடு இருந்தது. அதற்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். பெர்கனில் போலீஸார் அதை உடைத்தார்கள். அக்டோபரின் முதலெழுத்து, 22. மறுபடி அதே எழுத்து, 28. பிறகு பாரிஸின் முதலெழுத்து. பொருள்: அக்டோபர் 22 முதல் 28 வரை பாரிஸ். அடுத்த வரி 29ஆம் தேதி பாரிஸிலிருந்து ஸ்டவாங்கர். அதற்கப்புறம் அக்டோபர் 30 முதல் நவம்பர் 5 வரை பெர்கன். அவ்வளவுதான். எங்கள் கவுண்டரில் பழைய ஆட்கள் பேரேட்டின் ஓரத்தில் எழுதிவைத்த சுருக்கெழுத்து மாதிரி. எங்கே எத்தனை நாள் இருந்தோம் என்று மறக்காமலிருக்க ஒரு பிரயாணி எழுதிக்கொண்ட கணக்கு. குறியீட்டைத் திறந்தால் உள்ளே தேதி இருந்தது. பிரபஞ்ச ரகசியம் இல்லை. உடைத்த போலீஸ்காரருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால் அதை அவர் உபயோகித்தார். எந்த ஹோட்டல், எந்தப் பெயர், எந்தக் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகத் தேடிப்போக அது வழிகாட்டியது. விமர்சனம் என்று நான் நினைப்பது இந்த வேலையைத்தான்.

நண்பருக்கு நேர் எதிர் முகாம் ஒன்று இருக்கிறது. அது துப்பறியும் முகாம். அவர்களுக்கு இவள் உளவாளி. பனிப்போர் காலம், நார்வே 'பெங்குவின்' ஏவுகணையைச் சோதித்துக்கொண்டிருந்தது, பிற்காலத்தில் வெளியான ஆவணங்களில் அவளுடைய பிரயாணங்களும் சோதனை நடந்த இடங்களும் பொருந்துவதாகக் குறிப்பு உண்டு. இதை நான் சிரித்துத் தள்ளவில்லை. போலிப் பாஸ்போர்ட்டுகளோடு ஊர் சுற்றுவது சாதாரண உல்லாசப் பிரயாணி செய்கிற காரியமல்ல. ஆனால் மீதி சாட்சியங்களைப் பாருங்கள். செயற்கை முடி வைத்திருந்தாள்: 1970இல் ஐரோப்பாவில் பெண்கள் அதை நாகரிகமாக அணிந்தார்கள். ஹோட்டலில் அறையை மாற்றச் சொன்னாள்: நானும் லாட்ஜுகளில் மாற்றச் சொல்லியிருக்கிறேன், யாரும் என்னை மாஸ்கோவுக்கு அனுப்பவில்லை. தனியாக வந்தாள்: இதுதான் முக்கியக் குற்றம் போலிருக்கிறது. அவள் ஆணாக இருந்திருந்தால் வியாபாரி என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

இன்னொரு சாட்சியம். ஸ்டவாங்கரில் ஒரு செருப்புக் கடையில் அவள் ரப்பர் பூட்ஸ் வாங்கினாள். பெட்டியிலிருந்த கடைப் பையை வைத்து போலீஸ் அங்கே போய்ச் சேர்ந்தது. விற்ற வாலிபருக்கு அவளை ஞாபகம் இருந்தது: நெடுநேரம் பார்த்துப் பார்த்து வாங்கினாள், அவளிடம் ஒரு வாசனை வந்தது; அது பூண்டு வாசனை என்று பல வருஷங்களுக்குப் பிறகு சொன்னார். இந்தப் பூண்டை மர்மத்தின் வாசனையாக எழுதியிருப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டு ரசத்தில் அது தினமும் கொதிக்கிறது. பூண்டு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்வதைவிட, அன்றைய நார்வேயின் ஒரு சிறு நகரச் சமையலறையைப் பற்றி அதிகம் சொல்கிறது. சாட்சி சொல்பவன் தன்னையும் சேர்த்தே சொல்கிறான். இதைக்கூடப் பிரித்துப் பார்க்காதவர்கள் பிரதியை வாசிக்கிறோம் என்று எந்த முகத்தோடு சொல்கிறார்கள்?

இரண்டு முகாம்களும் எதிரெதிராக நிற்பதுபோல் தோன்றும். ஒருவருக்கு விடை உடனே வேண்டும். மற்றவருக்கு விடை வரவே கூடாது. என் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். இருவருமே அந்த ரப்பர் பூட்ஸைப் பார்ப்பதில்லை. 'தெரியவில்லை' என்பதற்கும் 'தெரிய முடியாது' என்பதற்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. முதலாவது, ஒரு வேலை முடியவில்லை என்கிற அறிவிப்பு. இரண்டாவது, வேலை செய்ய மனமில்லாதவன் தனக்குச் சூட்டிக்கொள்ளும் பட்டம். நண்பர் முதலாவதை இரண்டாவதாக மொழிபெயர்த்துவிட்டார்.

தெரியாதது குறைந்துகொண்டே வரும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. அவள் பற்களும் தாடையும் பெர்கனில் பத்திரப்படுத்தப்பட்டிருந்தன. 2016இல் நார்வே ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. விஷயத்தை மறுபடி கிளறியது. 2017இல் பற்களின் ஐசோடோப்புகளை ஆராய்ந்தார்கள். குழந்தைப் பருவத்தில் குடித்த தண்ணீர் பல்லில் தன் ஊரை எழுதிவைத்துவிடுமாம். முடிவு: சுமார் 1930இல், ஜெர்மனியில் நூரம்பெர்க்கிலோ அதன் பக்கத்திலோ பிறந்தவள்; சிறுவயதிலேயே பிரான்ஸுக்கோ அதன் எல்லைப்புறத்துக்கோ போனவள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துச் சாயல் என்று அவள் கையெழுத்தைப் பார்த்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நாளெல்லாம் கையெழுத்தை ஒப்பிட்டுச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பெயரை மாற்றலாம். முதலில் எழுதக் கற்றுக்கொடுத்தவரைக் கையிலிருந்து துடைத்தெடுப்பது சுலபமில்லை.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் கடற்கரையில் 1948இல் கிடந்த மனிதனையும் எடுத்துக்கொள்ளுங்கள். துணிகளில் முத்திரையில்லை, கால்சட்டைப் பையில் உமர் கய்யாம் புத்தகத்திலிருந்து கிழித்த, 'முடிந்தது' என்று பொருள்படும் ஒரு துண்டுக் காகிதம். எழுபது வருஷத்துக்கு மேல் அவனும் உளவாளி, அவனும் குறியீடு. 2022இல் டெரக் அபட் என்ற பேராசிரியர் முடியிலிருந்து எடுத்த மரபணுவைக் கொண்டு, அவன் மெல்போர்னைச் சேர்ந்த, மனைவியைப் பிரிந்த ஒரு மின்துறை ஆசாமி என்று அறிவித்தார். போலீஸ் முறையாக உறுதிப்படுத்த வேண்டும் என்பது வேறு விஷயம். எனக்கு அதைப் படித்தபோது தோன்றியது: இத்தனை வருஷமாக நாம் அவனுக்குக் கொடுத்த கதைகள் எல்லாவற்றையும்விட இந்தக் கதை சோகமானது. ஆனால் நம் கதைகளில் அவனுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நூரம்பெர்க் என்று படித்த அன்று இரவே நானும் எழுதினேன். 1930, நூரம்பெர்க், எல்லை தாண்டும் குழந்தை. 1935இல் அதே ஊரின் பெயரால் வந்த சட்டங்கள். பன்னிரண்டு பக்கம். அவளை யூதச் சிறுமியாக்கினேன். ஒரு தகப்பனைக் கொடுத்து அவனை ஸ்டேஷனில் நிற்கவைத்தேன். எழுத எழுத எனக்கே கண்ணீர் வந்தது. மறுநாள் கிழித்துப் போட்டேன். கிழித்ததற்குக் காரணம் இலக்கியம் அல்ல. எங்கள் கிளைக்கு வரும் ஒரு அம்மாள்.

மகன் வெளிநாடு போய் நாலு வருஷமாகத் தகவல் இல்லை. அவன் பெயரில் எங்களிடம் ஒரு சேமிப்புக் கணக்கு. அந்த அம்மாள் நாமினி மட்டுமே. மாதம் ஒருதரம் வந்து, "ஏதாவது வரவு செலவு இருக்கா தம்பி?" என்று கேட்பார். கணக்கு விவரத்தை வேறொருவருக்குச் சொல்லக்கூடாது என்பது விதி. ஏழு வருஷம் தகவலில்லை என்றால் இறந்ததாக அனுமானிக்கச் சட்டத்தில் இடமுண்டு, கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒருநாள் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் வரவில்லை. அவருக்கு வேண்டியது பணமில்லை, ஒரு தேதி.

அவர் போனபின் கிளையில் ஆளுக்கொரு கதை சொல்வோம். அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். இல்லை, ஜெயிலில் இருக்கிறான். ஒருநாள் நானும் என் பங்குக்கு, கப்பல் வேலைக்கு ஏறியிருப்பான், அதான் தகவல் இல்லை என்றேன். குடையை மறந்துவிட்டு எடுக்கத் திரும்பிவந்த அந்த அம்மாள் கேட்டுக்கொண்டு நின்றார். கோபிக்கவில்லை. "அவனுக்குத் தண்ணின்னாலே பயம் தம்பி" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் மொத்த விமர்சனக் கொள்கையும் அன்று அந்தக் கவுண்டரில் கவிழ்ந்தது. நான் கட்டிய கதையை ஒரே ஒரு விவரம் உடைத்தது. அந்த விவரம் யாரோ ஒருவரிடம் இருக்கிறது. இஸ்டாலன் பெண்ணுக்கும் அப்படி ஒருவர் எங்கோ இருந்திருப்பார். அவள் எதற்குப் பயப்படுவாள், தோல்வியாதி எப்போது ஆரம்பித்தது, பூண்டு எந்த வீட்டுப் பழக்கம் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர். அவர் எழுந்து வந்து சொன்னால் நண்பருடைய கட்டுரையில் ஒரு வரியாவது மிஞ்சுமா என்று அவரே யோசிக்கட்டும்.

பார்த் அவர்களும் தப்பவில்லை. 1980இல் பாரிஸில் ஒரு சலவைக்கடை வேன் மோதி, ஒரு மாதம் கழித்து இறந்தார். 2015இல் லோரான் பினே அதைக் கொலையாக்கி ஒரு நாவல் எழுதினார். பினே குறைந்தபட்சம் சிரித்துக்கொண்டே எழுதினார், தான் விளையாடுவதை மறைக்கவில்லை. நண்பரோ விளையாட்டை ஞானம் என்கிறார்.

கடைசியாக ஒரு விவரம். நண்பர் கட்டுரையில் இது இல்லை. 1971 பிப்ரவரி 5ஆம் தேதி பெர்கன் போலீஸார் அவளை அடக்கம் செய்தார்கள். அவள் எழுதிய பெயர்களில் புனிதர்களின் பெயர்கள் இருந்ததால் கத்தோலிக்கச் சடங்கு. வந்தவர்கள் போலீஸ் இலாகாவினர் மட்டும். சவப்பெட்டி துத்தநாகத்தால் ஆனது. உடல் சீக்கிரம் அழியாமலிருக்கவும் என்றாவது உறவினர் வந்தால் எடுத்துக் கொடுக்கவும் அந்த ஏற்பாடு. சடங்கைப் புகைப்படம் எடுத்தார்கள், வரப்போகும் அந்த உறவினருக்குக் காட்டுவதற்காக.

கோப்பை மூடியவர்கள் கணக்கை மூடவில்லை. எங்கள் தொழிலிலும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போகும். ஆனால் உரியவர் எப்போது வந்து கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். கேட்பாரில்லை என்பதால் கவுண்டரில் இருப்பவன் எடுத்துச் செலவழிக்க முடியாது. செலவழித்தால் அதற்குப் பெயர் கையாடல்.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதுவார். எழுதட்டும். அந்நியமாதலிலிருந்து வேண்டாம், ஸ்டவாங்கர் செருப்புக் கடையிலிருந்து ஆரம்பிக்கட்டும்.