உங்கள் கடையின் பேஸ்புக் பக்கம் யார் கையில்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் சிறு வியாபாரிகள் முன்பெல்லாம், பில் போட எந்த சாப்ட்வேர் நல்லது என்று கேட்பார்கள். இப்போது முதல் கேள்வியே, "பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நம்ம கடையை எப்படிப் பிரபலப்படுத்துவது?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஊருக்கு ஊர் கிடைக்கும் பதில், "மாதம் இவ்வளவு கொடுங்கள், பத்தாயிரம் லைக் வாங்கித் தருகிறோம்" என்பதாக இருக்கிறது. என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதத்திற்கு இதற்காக யாருக்கும் ஒரு பைசாகூடத் தர வேண்டாம். இந்த வேலை அவ்வளவு கடினமானதல்ல. அதைவிட முக்கியம், பணத்தோடு சேர்த்து வேறு எதையெல்லாம் அடுத்தவரிடம் கொடுக்கிறோம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

எங்கள் தெருவில் ஆரி ஒர்க் ப்ளவுஸ் தைத்துத் தரும் அக்கா ஒருவர் இருக்கிறார். கைவேலைப்பாடு அத்தனை சுத்தம். ஒரு விளம்பர ஏஜென்சி மாதம் 4,000 ரூபாய் வாங்கிக் கொண்டு அவருக்குப் பேஸ்புக் பக்கம் தொடங்கிக் கொடுத்தது. ஒரு வருடம் நடந்தது. தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து எல்லாம் பளபளவென்று வந்தன. லைக்கும் ஏறியது. ஆனால் லைக் போட்டவர்களில் பாதிப் பேர் எந்த ஊர், எந்த நாடு என்றே தெரியாதவர்கள். அவர்கள் திண்டுக்கல்லுக்கு வந்து ப்ளவுஸ் அளவு கொடுக்கப் போவதில்லை. அக்கா பணம் கொடுப்பதை நிறுத்தினார். மறுவாரம் அவரால் தன் கடைப் பக்கத்தில் ஒரு படம்கூடப் போட முடியவில்லை.

சாப்ட்வேர் துறையில் இருப்பவன் என்றால், தெருவில் யாருக்கு பாஸ்வேர்ட் மறந்தாலும் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்படித்தான் இவரும் வந்தார். பார்த்தால், அந்தப் பக்கம் ஏஜென்சி ஊழியர் ஒருவரின் அக்கவுண்ட்டில் இருந்து தொடங்கப்பட்டிருந்தது. அக்காவுக்குப் படம் போடும் அனுமதி மட்டும் கொடுத்திருந்தார்கள். அதையும் இப்போது எடுத்துவிட்டார்கள். "என் கடை, நான் தைச்ச ப்ளவுஸ், எனக்கே உள்ள போக முடியலையேப்பா" என்றார். போனது 48,000 ரூபாய் மட்டுமல்ல. ஒரு வருடப் படங்களும், விலை கேட்டுப் பெண்கள் அனுப்பியிருந்த அத்தனை செய்திகளும் அந்தப் பூட்டுக்குள் இருக்கின்றன.

புதியவர்கள் பலருக்கும் தெரியாத செய்தி இது. பேஸ்புக் பக்கத்திற்கென்று தனி பாஸ்வேர்ட் கிடையாது. யாருடைய சொந்த அக்கவுண்ட்டுக்கு முழு உரிமை தரப்பட்டிருக்கிறதோ, அவர்தான் அதன் சாவியை வைத்திருப்பவர். அவர் நினைத்தால் மற்றவர்களை நீக்கலாம். பக்கத்தையே அழித்தும் விடலாம். பக்கத்தின் செட்டிங்ஸ் பிரிவில் "பேஜ் ஆக்சஸ்" என்னும் இடத்தைத் திறந்து பாருங்கள். "புல் கன்ட்ரோல்" என்பதற்கு நேராக உங்கள் பெயர் இருக்க வேண்டும். இல்லையெனில் இன்றே கேட்டு வாங்குங்கள். உறவு சுமுகமாக இருக்கும்போது கேட்பது எளிது. வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் அந்த உரிமையைக் கொடுத்து வைப்பது நல்லது. இன்ஸ்டாகிராமுக்குத் தனி பாஸ்வேர்ட் உண்டு. அதில் பதிவாகியுள்ள இமெயிலும் மொபைல் எண்ணும் உங்களுடையவையா என்று பாருங்கள். இரண்டிலும் டூ ஸ்டெப் வெரிபிகேஷன் வசதியை இயக்கிவிடுங்கள். பாஸ்வேர்ட் தெரிந்தாலும், கூடுதலாக ஒரு குறியீட்டு எண் இல்லாமல் புதிய கம்ப்யூட்டரில் இருந்து நுழைய முடியாது.

சரி, சாவி நம் கையில் வந்துவிட்டது. ஆனாலும் இடம் வாடகை இடம்தான். ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. டிக்டாக்கில் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்த நம் ஊர் வியாபாரிகள், 2020 ஜூன் மாதத் தடைக்குப் பிறகு வேறு இடத்தில் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. பேஸ்புக் மூடப்படவில்லை, ஆனால் 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்றும், வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகத்தான் காட்டப்படும் என்றும் அறிவித்தது. உங்களுக்கு ஆயிரம் லைக் இருக்கிறது என்பதால் ஆயிரம் பேரும் உங்கள் பதிவைப் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட வேண்டாம்.

ஆகவே, நீங்கள் வாங்கிய கம்ப்யூட்டரில் முதலில் திறக்க வேண்டியது எக்ஸெல். சிரிக்க வேண்டாம். வாடிக்கையாளர் பெயர், போன் எண், என்ன வாங்கினார், எந்தத் தேதியில் என்று நான்கு நெட்டு வரிசைகள் போதும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். எந்தத் தளம் மூடினாலும் இந்த பைல் உங்களோடு இருக்கும்.

இந்தப் பட்டியலுக்குப் பொருத்தமானது வாட்ஸ்அப் பிசினஸ் அப்ளிகேஷன். 2018ல் வந்தது, இலவசம். வீட்டுக்கு ஒரு எண், கடைக்கு ஒரு எண் என்று பிரித்துக் கொள்ளுங்கள். கடையில் லேண்ட்லைன் இருந்தால் அந்த எண்ணிலேயே இதைப் பதிவு செய்யலாம். குறியீட்டு எண்ணைப் போன் அழைப்பில் சொல்வார்கள். கேட்டலாக் என்ற பகுதியில் பொருள்களின் படமும் விலையும் போட்டு வைக்கலாம். கியூஆர் கோட் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்துக் கொண்டால், கீபோர்டில் வேகமாகப் பதில் தரலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட் வழியாக அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். எனவே பில் கொடுக்கும்போதே, "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கிறீங்களா, புது டிசைன் வந்தா அனுப்பலாமா?" என்று கேளுங்கள். சம்மதிக்காதவருக்கு அனுப்ப வேண்டாம். பலர் புகார் செய்தால் உங்கள் எண்ணையே முடக்கிவிடுவார்கள்.

கூகுள் மேப்பில் கடை வருவதற்கான கூகுள் பிசினஸ் புரொபைலும் இலவசமே. கடையின் போர்டும் உள்பக்கமும் தெரிய வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிச் சோதிப்பார்கள். "கூகுளில் இருந்து பேசுகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள்.

இனி என்ன பதிவு போடுவது? இங்கே எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. நல்ல படம் போடுவார்கள். விலை கேட்டால் "இன்பாக்ஸுக்கு வாங்க" என்பார்கள். எதற்கு இந்த ரகசியம்? போட்டிக் கடைக்காரர் விலையைத் தெரிந்து கொள்வார் என்கிறார்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரியாமல் நகர்ந்து போவது வாங்க வந்தவர்தான். ஆரி ஒர்க் என்றால் வேலைக்குத் தகுந்த விலை, உண்மை. "கழுத்து, கை இரண்டிலும் இந்த வேலை, இவ்வளவு ரூபாய், துணி உங்களுடையது, பத்து நாளில் தருவோம்" என்று அந்தப் படத்திற்குரிய விலையையாவது எழுதலாமே. கடை எங்கே, ஞாயிறு திறந்திருக்குமா என்பதையும் எழுதுங்கள். வாரம் இரண்டு பதிவு போதும். பகல் வெளிச்சத்தில் மொபைலில் எடுத்த படமே போதும். பண்டிகை வாழ்த்தை எல்லாக் கடையும் போடுகிறது. அதில் யாரும் உங்கள் தையலைப் பார்க்கப் போவதில்லை.

பதிவின் கீழே "பூஸ்ட்" என்ற பட்டன் உங்களை அழைத்துக் கொண்டே இருக்கும். பணம் கட்டினால் அதிகம் பேருக்குக் காட்டும். அதை அழுத்துவதற்கு முன், எக்ஸெல் பைலில் ஐந்தாவதாக ஒரு நெட்டு வரிசை சேர்த்து, ஆர்டர் தருபவர் ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் குறித்து வாருங்கள். மூன்று மாதத்தில் அந்த வரிசையில் பேஸ்புக் என்ற பெயரே வரவில்லையென்றால் அந்தப் பட்டனை மறந்துவிடலாம். வந்திருந்தால், சிறிய தொகை ஒன்றை மட்டும் கட்டி, உங்கள் ஊரைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி அமைத்துப் பாருங்கள்.