பச்சிலைதானே என்பார்க்கு

எலிசா தீர்க்கதரிசி கில்காலில் இருந்த காலத்து நாட்டிலே பஞ்சம் உண்டாயிற்று. கூழ் காய்ச்சுதற்பொருட்டுக் கீரை பறிக்கச் சென்றான் ஒருவன், இன்னதென்று அறியாமலே பேய்க்கொம்மட்டிக் காய்களை மடிநிறையக் கொணர்ந்து பானையில் அரிந்திட்டான். அவன் பகைவனல்லன், பிறர் பசி தீர்க்கவே சென்றவன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயுடையார்க்கு உற்றாரும் நண்பரும் அன்பினால் வாங்கிக் கொடுக்கும் மூலிகை மாத்திரைகளைக் காணுந்தோறும் இவ்வரலாறே எம் நினைவிற்கு வருகின்றது.

இந்நோயைப் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்கோ 1868-இல் தெளிவுற விளக்கினார். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் உறையை அரிப்பது இதன் தன்மை. முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. தாக்குதலைக் குறைக்கும் மருந்துகளே உள. அவற்றுட் பல அவ்வெதிர்ப்பாற்றலை அடக்குவன. கடைகளிலோ, எக்கினேசியா முதலியன ‘நோயெதிர்ப்பைப் பெருக்கும்’ என்னும் விளம்பரத்தோடு விற்கப்படுகின்றன. ஏனையோர்க்கு இனிக்கும் அச்சொல் இந்நோயாளர்க்கு எச்சரிக்கையாதல் வேண்டாமோ? மருந்து அடக்க முயல்வதைத் தூண்டுதற்கு மற்றொரு பொருளை விலைகொடுத்து வாங்குவது என்ன முறைமை?

இதனினும் மறைவான கேடு ஒன்றுண்டு. இந்நோயாளரிற் பலர் மனச்சோர்வால் வாடுவர். ஐரோப்பாவில் மனச்சோர்விற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் மூலிகை செயின்ட் ஜான்ஸ் வோர்ட். அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்குகின்றது. அதனால் உட்கொண்ட மருந்து வேலை செய்யுமுன்னரே அழிகின்றது. 2000-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், எய்ட்ஸ் நோய்க்குரிய இண்டினாவிர் என்னும் மருந்து இம்மூலிகையோடு சேர்ந்தபோது இரத்தத்தில் 57 விழுக்காடு குறைந்தது. அவ்வாண்டிலேயே சூரிக் நகரத்தில், மாற்றிதயம் பெற்ற இருவரின் உடல் அவ்விதயத்தை ஏற்காது தள்ளத் தொடங்கிற்று. காரணம் இம்மூலிகையே எனக் கண்டனர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிற்கு வழங்கும் ஃபிங்கோலிமாட் என்னும் மருந்தோடும் இதனைச் சேர்த்தல் தகாது என்று ஐரோப்பிய மருந்துக் குறிப்பேடு கூறுகின்றது. வியப்பு யாதெனில், அந்த ஃபிங்கோலிமாட்டும் பூச்சிகளின்மேல் வளரும் ஒருவகைக் காளானிலிருந்து கிடைத்த பொருளைத் திருத்தி அமைத்ததேயாம்! அக்காளான் இனம் சீன மருத்துவத்தில் முன்னரே பெயர்பெற்றது.

ஆகவே ‘பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?’ என்பது மூலிகையைப் போற்றும் சொல்லன்று. அதனை இழிக்கும் சொல். நோய் தீர்க்கும் வலிமை அதற்கு உண்டெனின், பிற மருந்தோடு மோதும் வலிமையும் உண்டன்றோ? நம் சித்த வைத்தியர் இதனை அறியாதவரல்லர். பத்தியமும் அனுபானமும் எதற்கு வகுத்தனர்? எதனோடு எது சேரலாம், எது சேரலாகாது என்பதற்கன்றோ? சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றின் கூட்டுக்குத் திரிகடுகம் எனத் தனிப்பெயரிட்டு, ஒரு நீதிநூற்கும் அப்பெயரையே வைத்த நாடு இது. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்ந்தபோது, மஞ்சளிலுள்ள குர்க்குமின் மாந்தர் உடலிற் சேரும் அளவு 20 மடங்காயிற்று என்று பெங்களூரு ஆராய்ச்சியாளர் 1998-இல் காட்டினர். மஞ்சளை ஏற்றிவிடும் அப்பொருள், மருத்துவர் அளந்து கொடுத்த வேறு மருந்தையும் அளவிற்கு மேல் ஏற்றிவிடக்கூடும். சமையலில் இடும் மிளகைப்பற்றி யாம் அஞ்சவில்லை. வடித்தெடுத்து மாத்திரையாக்கியதையே சொல்கின்றோம்.

சீந்திற்கொடியை எடுத்துக்கொள்வோம். பெருந்தொற்றுக் காலத்தில் வீடுதோறும் அது கஷாயமாயிற்று. சீந்தில் உட்கொண்டு கல்லீரல் கேடுற்ற ஆறு நோயாளரைப்பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்தது. அவ்வழக்கைத் தீர்க்க யாம் வல்லேம் அல்லேம். ஆயினும் இன்டர்ஃபெரான், டெரிஃப்ளுனோமைடு ஆகிய மருந்துகளைப் பெறுவோர்க்குக் கல்லீரலைச் சோதித்துக்கொண்டே வருதல் வேண்டும். சோதனையிற் கேடு தெரிந்து, கஷாயத்தை நோயாளர் சொல்லாதிருப்பின், மருத்துவர் எதனைக் குற்றஞ்சாட்டுவார்? உதவிவந்த மருந்தையே நிறுத்திவிடவுங் கூடும்.

மறைத்தற்குக் காரணம் நோயாளரின் அறியாமை மட்டுமன்று. மூலிகையின் பெயர் கேட்டவுடனே முகஞ்சுளிக்கும் மருத்துவரிடம் யார்தாம் வாய் திறப்பர்? ‘வேறென்ன உட்கொள்கின்றீர்?’ என்று அவர் நகையாது வினவுதல் வேண்டும். செல்பவரும் மருந்துச்சீட்டோடு வீட்டிலுள்ள சூரணப் புட்டியையும் லேகியச் சிமிழையும் கையோடு எடுத்துச் செல்வாராக. சித்த வைத்தியரிடம் செல்லும்போது ஆங்கில மருந்துகளையும் அவ்வாறே காட்டுக.