தேறிவிடுவேன்

பழமொழி திரட்டிவரச் சொன்னால் என் மாணவர்கள் அச்சிட்ட தொகுதிகளைப் பார்த்தெழுதி வருகிறார்கள். பெர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டதற்கு நாம் கடமைப்பட்டவர்களே. ஆனால் ஊர்ப்பொதுவான சொல்லுக்குத்தான் அத்தகைய தொகுதிகளில் இடமுண்டு. ஒரே வீட்டில் பிறந்து அங்கேயே மடியும் சொல்லை எவரும் குறித்துவைப்பதில்லை.

என் தந்தையாரின் சொற்கள் அவ்வகையின. மின்சாரம் நின்றால், "மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறது, மரியாதை குறைந்ததும் திரும்பிவிடும்" என்பார். பள்ளி நாளில் எனக்குக் காய்ச்சல் 103 பாகையைத் தொட்டபோது, வெப்பமானியை விளக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "கணக்கில் வராத மதிப்பெண் இதிலாவது வந்ததே!" என்றார். அம்மா முறைத்தார். எனக்கு அந்நிலையிலும் சிரிப்பு வந்தது. (எண்வகை மெய்ப்பாட்டில் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர் அறிந்தேதான் வைத்திருக்க வேண்டும்.) நம் கட்டுரைகளில் வரும் தந்தையர் ஏனோ பெரும்பாலும் கண்டிப்பானவர்கள், சிரிக்கவைத்த தந்தையரை எழுதத் தயங்குகிறோம்.

இத்தகைய சொல்லை அதன் தருணத்தோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. யார், யாரிடம், எப்போது சொன்னது என்ற குறிப்பில்லாத சொல்லை இப்போது மாணவர்களிடமிருந்து நான் ஏற்பதில்லை.

கடைசி நாள்களில், மருத்துவமனையில் செவிலியர் வெப்பமானியை எடுத்ததும், அப்பா என்னைப் பார்த்து, "எத்தனை மதிப்பெண்?" என்றார்.

"நூற்றிரண்டு."

"அப்படியென்றால் தேறிவிடுவேன்."

செவிலியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குச் சிரிக்கத் தெரிந்தவர்கள் இப்போது நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டது.