எதிரிக்கு ஒரு தம்ளர் தண்ணீர்

பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய லீவு வந்தாலே வீட்டுக்கு வீடு ஒரே புகார்தான். திண்டுக்கல் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. மலைக்கோட்டைப் பாறை காலையிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். உச்சி வேளையில் தெருவில் காக்கை கூடப் பறக்காது. பாவம், குழந்தைகள் எங்கேதான் போவார்கள்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். “எந்நேரமும் அந்தச் சனியனைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே!” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது. “இதோ ஆச்சும்மா!” என்று கூடத்திலிருந்து பதில் வருகிறது. ஆள் மட்டும் வருவதில்லை.

சகோதரிகளே, அந்தச் சனியனுக்குள்ளே என்னதான் நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? இந்த வாரம் பார்த்துவிடுவோம், வாருங்கள்.

முதலில் ஒரு விஷயம். கம்ப்யூட்டரில் ஆடுவதெல்லாம் ஒரே ரகம் அல்ல. பணம் கட்டி ஆடும் சூதாட்டங்கள் உண்டு. எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய சமாசாரம் அது. 2025ஆம் வருஷம் பாராளுமன்றம் அதற்குத் தடைச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. சுட்டுத் தள்ளிக்கொண்டே போகும் ஆட்டங்களும் உண்டு. அதுவும் கிடக்கட்டும். மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. அதற்குப் பெயர் கதை ஆட்டம். ஒரு தொடர்கதையை வாரா வாரம் படிக்கிறோம் அல்லவா? அந்தத் தொடர்கதைக்குள்ளே நாமே ஒரு பாத்திரமாக நுழைந்து நடமாடினால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

நம் பாட்டிமார்களுக்கு இது அப்படியொன்றும் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிப்பதற்குப் பரமபத சோபான படத்தை விரித்து உட்காருவார்களே! தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் சொர்க்கவாசல் திறக்கிற நேரம் வரைக்கும் தாயக்கட்டை உருண்டுகொண்டே இருக்கும். மேலே வைகுண்டம். வழியெல்லாம் ஏணியும் பாம்பும். பாம்புகளுக்கு அரக்கர்களின் பெயர். நல்லது செய்தால் ஏற்றம், கெட்டது செய்தால் இறக்கம் என்று குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதி வைத்த கதை அது.

ஆனால் அதில் ஒரு சின்னக் குறை உண்டு. ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் இஷ்டம். ஒரு தர்மமும் செய்யாமலே ஏணியில் ஏறிவிடலாம். ஒரு பாவமும் அறியாதவள் பெரிய பாம்பின் வாயில் போய் விழலாம். இப்போது வந்திருக்கும் நல்ல கதை ஆட்டங்களில் தாயக்கட்டையை எடுத்துவிட்டார்கள். நாம் செய்வதே ஏணி, நாம் செய்வதே பாம்பு.

அப்படிப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். பெயர் ‘அண்டர்டேல்’. 2015ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் வெளிவந்தது. எழுதியவர் டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர். கதை, வசனம், சங்கீதம் எல்லாம் அவரே. சித்திரங்களுக்கு ஒரு தோழி கைகொடுத்தார். படம் பிரமாதமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டம் கட்டமாக, கோலப் புள்ளி வைத்த மாதிரிதான் இருக்கும். சரக்கு கதையில்தான்.

ஒரு காலத்தில் மனிதர்களுக்கும் பூதங்களுக்கும் யுத்தம் நடந்தது. மனிதர்கள் ஜெயித்தார்கள். பூதங்களைப் பாதாளத்தில் தள்ளி, மந்திரத் தடுப்புப் போட்டு அடைத்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் ஒரு மனிதக் குழந்தை மலை மேலிருந்து அந்தப் பாதாளத்தில் விழுந்துவிடுகிறது. அந்தக் குழந்தைதான் நாம்.

விழுந்த குழந்தையை முதலில் வரவேற்பது சிரித்த முகத்தோடு ஒரு பூ. ஃப்ளவி என்று பெயர். “இந்த உலகத்தில் கொல்வது, இல்லாவிட்டால் சாவது, அவ்வளவுதான்” என்று அது பாடம் சொல்லுகிறது. அடுத்த நிமிஷம் ஓர் அம்மாள் ஓடிவந்து அந்தப் பூவை விரட்டுகிறாள். ஆட்டு முகம், நீண்ட காது, தாய் மனசு. பெயர் டோரியல்.

இந்த டோரியல் இருக்கிறாளே, நம் வீட்டு அம்மாக்களில் ஒருத்திதான். முள் நிறைந்த பாதையில் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். குழந்தை கையில் ஒரு டெலிபோனைக் கொடுக்கிறாள். கொடுத்த கையோடு கூப்பிட்டு, “உனக்கு எது பிடிக்கும், பட்டர்ஸ்காட்சா, பட்டையா?” என்று கேட்கிறாள். நாம் ஒன்றைச் சொல்கிறோம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி அடிக்கிறது. “அந்த இன்னொன்றைத் தட்டில் வைத்தால் வேண்டாம் என்று ஒதுக்கிவிடமாட்டாயே?” என்கிறாள். கடைசியில் பார்த்தால் இரண்டையும் போட்டு, பை என்கிற அவர்கள் ஊர் இனிப்புப் பலகாரத்தைச் சுட்டு வைத்திருக்கிறாள்! குழந்தை தூங்கி எழுந்தால் பக்கத்தில் ஒரு துண்டு காத்திருக்கிறது.

ஆனால் குழந்தை வீட்டுக்குப் போகவேண்டுமே! “நான் எப்போது போகலாம்?” என்று கேட்டதும் அவள் முகம் மாறிவிடுகிறது. காரணம் உண்டு. பூதங்களின் ராஜா ஆஸ்கோர் ஒரு காலத்தில் அவளுடைய புருஷன். குழந்தைகளைப் பறிகொடுத்த துக்கத்தில், இனிமேல் பாதாளத்துக்கு வரும் மனிதர் எவரானாலும் உயிரோடு விடுவதில்லை என்று அவன் சபதம் செய்துவிட்டான். அது பொறுக்காமல் வீட்டைவிட்டு வெளியேறியவள் அவள். அந்தச் சபதத்துக்குப் பிறகு ஆறு பேர் விழுந்து, அத்தனை பேரும் மாண்டுவிட்டார்கள். ஏழாவதையும் பறிகொடுக்க மனசில்லாமல் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். “என்னை ஜெயித்துவிட்டு அப்புறம் போ” என்று நெருப்பை வீசுகிறாள்.

இங்கேதான் ஒரு சின்ன நுணுக்கம். அடி வாங்கி வாங்கி நம் உயிர் குறைந்துவிட்டால், அவள் எறியும் நெருப்பெல்லாம் நம்மைத் தொடாமல் விலகிப் போகிறது. யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. கவனித்தால்தான் உண்டு. கோபத்தில் ஓங்கின கையை நடுவழியில் நிறுத்திக்கொள்கிற தாயார் யாருக்குத்தான் தெரியாது!

அவளை அடிக்கவும் செய்யலாம்; அடிக்காமல், “போகட்டும்” என்று மறுபடியும் மறுபடியும் விட்டுக்கொடுத்துக்கொண்டே நிற்கவும் செய்யலாம். பொறுமையாக நின்றால் அவளே மனம் இளகி வழி விடுகிறாள்.

என் அண்ணன் மகளுக்குப் பதின்மூன்று வயசு. அவள் இந்த ஆட்டத்தை ஆடியபோது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அடித்துவிட்டுப் பிறகு விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டாள் அவள். மற்றப் பூதங்களிடம் பலித்த கணக்கு இங்கே பலிக்கவில்லை. ஓர் அடி கூடுதலாக விழுந்தது; டோரியல் சாய்ந்துவிட்டாள். பெண் வாயைத் திறக்கவில்லை. சட்டென்று ஆட்டத்தை நிறுத்தினாள். முன்பு பதிவு செய்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஓர் அடி கூட அடிக்காமல் டோரியலைக் காப்பாற்றிவிட்டாள். முகத்தில் நிம்மதி.

வெளியே வந்தால் அந்தப் பூ நிற்கிறது. சிரிக்கிறது. “நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். அவளைக் கொன்றாய். மனசு உறுத்தியதும் திரும்பிப் போய்க் காப்பாற்றினாய்” என்கிற அர்த்தத்தில் பேசுகிறது!

பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. “அத்தை, நான்தான் அதை அழிச்சிட்டேனே! அதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?” என்றாள்.

“ஆட்டத்தை எழுதினவர் அப்படி எழுதியிருக்கிறார், கண்ணு” என்றேன். அது ஒரு பதிலே இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். “செல்போன்ல எழுதினதை அழிச்சாலும், அவ அதுக்குள்ள படிச்சிருப்பா, இல்ல அத்தை?” என்று கேட்டாள். யாருக்கு என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்வந்தாள். அங்கே என்ன நடந்தது என்றும் நான் கேட்கவில்லை. நூறு புத்திமதி சொல்லியிருந்தால் போயிருப்பாளா என்றால், சந்தேகம்தான்.

நம் ஊர் மாங்காய்ப் பூட்டைப் பார்த்திருக்கிறீர்களே, 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு. மேலே பார்த்தால் ஒரு பித்தளைக் கட்டி. சூட்சுமம் முழுவதும் உள்ளே இருக்கும் லீவர்களில்தான். ஒன்று மயிரிழை பிசகினாலும் சாவி திரும்பாது. இந்த ஆட்டமும் அப்படித்தான். சின்னச் சின்ன விஷயங்களில்தான் அதன் உயிர் இருக்கிறது.

ஓர் அறையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய். ‘ஒன்று எடுத்துக்கொள்’ என்று எழுதியிருக்கிறது. காவலுக்கு யாரும் இல்லை. இரண்டாவது எடுக்கலாம், மூன்றாவது எடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் நம்மை ஒரு வார்த்தை குத்திக்காட்டுகிறது. நாலாவதுக்குக் கை வைத்தால் கிண்ணமே கவிழ்ந்து எல்லாம் தரையில் சிதறிவிடும். இன்னோர் இடத்தில் பனியால் செய்த பொம்மை ஒன்று. அதற்கு உலகத்தைப் பார்க்க ஆசை. ஆனால் நகர முடியாது. “என் உடம்பில் ஒரு துண்டைத் தருகிறேன். அதையாவது தூரதேசம் கொண்டுபோ” என்கிறது. அந்தத் துண்டைத் தின்றால் நமக்கு உயிர் கூடும். தின்னாமல் பத்திரமாகச் சுமந்து போனால் பெரிய பரிசு எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் எத்தனையோ பேர் தின்னாமல் சுமக்கிறார்கள்!

டோரியல் சுட்ட அந்தப் பலகாரத்தைத் தின்றுவிடாமல் கடைசி வரைக்கும் வைத்திருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். ராஜா ஆஸ்கோரோடு சண்டை நடக்கும்போது அதை எடுத்துச் சாப்பிட்டால், அந்த வாசனை அவனுக்கு எதையோ ஞாபகப்படுத்துகிறது. அவன் அடியின் வேகமே குறைந்துவிடுகிறது. பிரிந்து போன மனைவியின் கைமணம்! இதைவிடப் பெரிய ஆயுதம் எந்த ராஜா ராணிக் கதையிலாவது உண்டா?

எல்லாவற்றிலும் என் மனசைத் தொட்டது ஒன்று. அண்டைன் என்று ஒரு வீராங்கனை. ராஜாவின் காவல்படைத் தலைவி. உடம்பெல்லாம் இரும்புக் கவசம், கையில் ஈட்டி. நம்மைக் கொல்லத் துரத்து துரத்தென்று துரத்துகிறாள். நாம் ஓடுகிறோம். ஓட்டம் நெருப்பும் அனலுமான ஒரு பிரதேசத்துக்குப் போய்ச் சேருகிறது. மீன் ஜாதிப் பெண் அவள். கவசத்தோடு அந்தச் சூட்டைத் தாங்க முடியாமல் மயங்கி விழுந்துவிடுகிறாள். பக்கத்திலேயே ஒரு தண்ணீர்ப் பானை மாதிரி குடிநீர்த் தொட்டி இருக்கிறது. நாம் என்ன செய்வது? ‘தொலைந்தது சனி’ என்று நடையைக் கட்டலாம். அல்லது தண்ணீர் பிடித்து வந்து அவள் மேல் ஊற்றலாம். ஊற்றினால் எழுந்திருக்கிறாள், நம்மை ஒரு பார்வை பார்க்கிறாள், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விடுகிறாள். பிற்பாடு அவளோடு சிநேகமாவதற்கு அந்த ஒரு தம்ளர் தண்ணீர்தான் வழி.

சித்திரை மாதத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, வந்தவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் மோர் ஊற்றுகிற ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கொன்றுகொண்டே போகிறவர்களுக்கும் வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் போகப் போக ஊர்கள் காலியாகின்றன. கடைகளில் ஆள் இல்லை. எண்ணிக்கை ஏற ஏற ‘லவ்’ என்று ஒரு கணக்கு திரையில் ஏறிக்கொண்டே போகிறது. அன்பு என்று நினைத்துக்கொண்டிருப்போம். கடைசியில் ஒருவர் விளக்குகிறார்: அது வன்முறையின் அளவுக்குச் சுருக்கெழுத்தாம்! எல்லோரையும் கொன்று முடித்தவர், பிறகு புதிதாக ஆரம்பித்துப் பரம சாதுவாக ஆடினாலும், முடிவில் பழைய கறை எட்டிப் பார்க்கும். யாரையும் கொல்லாமல் ஆட்டத்தை முடிக்கவும் முடியும். அது கஷ்டமான வழி. ஆனால் சந்தோஷமான முடிவு அந்த வழியில்தான் இருக்கிறது.

“இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம், நமக்கென்ன?” என்று கேட்பீர்கள். நம்மவர்களும் சும்மா இல்லை. கனடாவில் டொராண்டோ நகரத்து ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு 2023இல் ‘வெண்பா’ என்ற கதை ஆட்டத்தை வெளியிட்டது. 1980களில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயார் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன பக்குவத்தை நாமே யோசித்து இட்லியும் புட்டும் செய்யவேண்டும். பூதமும் இல்லை, மந்திரமும் இல்லை, அடுப்படிதான் அரங்கம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்பு என்ற பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

ஆகவே சகோதரிகளே, லீவு நாள் முழுவதும் பிள்ளைகளை ஆடவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்கு ஓய்வு வேண்டும், காலுக்கு ஓட்டம் வேண்டும். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான். ‘அண்டர்டேல்’ ஆட்டத்தில் பயமுறுத்தும் இடங்களும் உண்டு. சின்னஞ்சிறுசுகளைத் தனியே விடவேண்டாம். வசனம் இங்கிலீஷில் வரும். ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லப் போய் நாமும் கதையில் மாட்டிக்கொள்வோம், ஜாக்கிரதை!

ஆனால் “இன்னும் எத்தனை நேரம்?” என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்காமல், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். “இன்றைக்கு யாரை அடித்தாய்? யாரை விட்டுவிட்டாய்? ஏன்?” என்று கேளுங்கள். பிள்ளைகள் வாய் ஓயாமல் சொல்லுவார்கள். பரீட்சை மார்க்கில் தெரியாத சில விஷயங்கள் அந்தப் பதிலில் தெரியும்.

மயங்கி விழுந்த எதிரியின் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்பார் பார்ப்பார் இல்லாத இடத்தில், உங்கள் பிள்ளை என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசையாக இல்லையா?