முன்பணமும் நம்பிக்கையும்

மேகங்களுக்கிடையே மிதக்கும் வான்கப்பல்கள், அவற்றைச் செலுத்தும் வீரர்கள், நெருப்பு உமிழ்ந்து வழிமறிக்கும் டிராகன்கள் ஆகியன நிறைந்த கற்பனை உலகைப் பலகையின்மீது விரித்து ஆடும் விளையாட்டுகள் இன்று சிறுவரையும் பெரியவரையும் ஒருங்கே ஈர்க்கின்றன. விரல் உயரமே உள்ள நெகிழிச் சிற்றுருவங்கள் அவற்றின் தனிச்சிறப்பு. இவ்விளையாட்டுகளுள் பல, உருவாகும் முன்பே பணத்தைப் பெற்றுவிடுகின்றன. படத்தையும் விளக்கத்தையும் மட்டும் பார்த்துப் பல்லாயிரவர் முன்பணம் அளிக்கின்றனர். அப்பணத்தைக் கொண்டே விளையாட்டு தயாரிக்கப்படுகிறது. இதனைக் கூட்டுநிதி என்பர்.

இம்முறை தேவையானதே. சிற்றுருவங்களைப் பெருமளவில் வார்ப்பதற்கு எஃகு அச்சுகள் வேண்டும். முதல் உருவம் வெளிவருமுன்னரே அவற்றிற்குப் பெருந்தொகை செலவாகும். செல்வம் இல்லாத படைப்பாளி அத்தொகைக்கு எங்கே செல்வார்? 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையத்தளம் அத்தகையோருக்கு வழி திறந்தது. குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை சேர்ந்தால் மட்டுமே அங்குப் பணம் பெறப்படும். சேராவிடில் எவரிடமும் ஒரு காசும் பெறப்படுவதில்லை. 2020ஆம் ஆண்டில் ஃப்ரோஸ்ட்ஹேவன் என்னும் பலகை விளையாட்டுக்கு 83,000க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் டாலர் அளித்தனர். சிறுதுளி பெருவெள்ளம் ஆயிற்று.

ஆயினும், விலை வேறு; முன்பணம் வேறு. கடையில் விலை கொடுப்பவர் பொருளைக் கையோடு பெறுகிறார். கூட்டுநிதி அளிப்பவர் பெறுவது வாக்குறுதி ஒன்றே. கிக்ஸ்டார்ட்டர் நிறுவனமே 2012இல், தான் ஒரு கடை அன்று என்று வெளிப்படையாக அறிவித்தது.

அதே ஆண்டில், 'அட்லாண்டிக் சிட்டிக்கு வந்த அழிவு' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட பலகை விளையாட்டுக்கு 35,000 டாலர் கேட்கப்பட்டது. சிற்றுருவங்களும் தரப்படும் என்ற உறுதியை நம்பி, 1,246 பேர் 1,22,000 டாலருக்கும் மேல் அளித்தனர். மறு ஆண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி, திரட்டியவரின் வீட்டு வாடகை முதலிய சொந்தச் செலவுகளுக்குச் சென்றது என அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2015இல் குற்றஞ்சாட்டியது. வேறொரு நிறுவனம் முன்வந்து வெளியிட்டமையால்தான் நிதி அளித்தோர் அவ்விளையாட்டைப் பெற முடிந்தது.

இதனைக் காட்டிக் கூட்டுநிதியே தீது என்பாரும் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. மக்கள் அளித்த பணத்தால் உண்மையான வான்கப்பலே எழுந்ததற்கு வரலாறு சான்றாகிறது. 1908 ஆகஸ்ட் 5 அன்று, ஜெர்மனியில் செப்பலின் பிரபு அமைத்த வான்கப்பல், இயந்திரக் கோளாற்றால் எக்டர்டிங்கன் என்னுமிடத்தில் தரையிறங்கியது. புயற்காற்று அதனைப் பிடுங்கி எறிய, அது தீக்கிரையாயிற்று. எழுபது வயதான பிரபுவின் முயற்சி அத்தோடு முடிந்தது என்றே பலர் எண்ணினர். ஆனால், செல்வரும் எளியோரும் தாமே முன்வந்து 60 இலட்சம் மார்க்குக்கும் மேல் நன்கொடை அளித்தனர். அப்பணத்தைக் கொண்டு அவர் வான்கப்பல் கட்டும் நிறுவனத்தையும் அறநிலையம் ஒன்றையும் ஏற்படுத்தினார். அவ்வறநிலையம் இன்றும் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரத்தின் பொதுநலப் பணிகளுக்கு உதவுகிறது.

எனவே, குறை முறையில் இல்லை. அதனைக் கையாள்வோரிடமே உள்ளது. பணம் திரட்டுபவர், வரவையும் செலவையும் காலத்தாழ்வையும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். பணம் அளிப்பவர், அழகிய படங்களில் மயங்காமல், கேட்பவர் யார், முன்பு எதனைச் செய்து முடித்தவர் என்று ஆராய வேண்டும். பெற்றோர் உழைத்து ஈட்டிய பணத்தைக் கேட்கும் சிறுவரும் இவ்வாராய்ச்சியை முதலில் செய்தல் நன்று. பள்ளி ஆண்டு விழாவுக்காக வகுப்பில் பத்துப் பத்து ரூபாயாகத் திரட்டும் மாணவனுக்கும் இக்கடமை உண்டு. விழா முடிந்த மறுநாள் கணக்கை எழுதி வகுப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுபவனுக்கே அடுத்த ஆண்டும் தோழர்கள் தயங்காமல் பணம் தருவர்.